குடைக்குள் சொன்ன சொல்

"ஹலோ... அது என் குடை!"

திரும்பினான். நெடுநெடுவென்ற உயரம். கண்களில் பாதித் தூக்கம், பாதிச் சிரிப்பு. காப்புரிமை அலுவலக வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூடையில் இருந்ததெல்லாம் கறுப்புக் குடைகள்தான்.

"கைப்பிடியில மஞ்சள் நூல் இருக்கு பாருங்க. எங்க அண்ணன் கட்டினது."

"அப்ப என் குடை?"

"உங்களை மாதிரியே யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் போனபிறகு வாய் அதை மறந்தே போயிருந்தது. பஸ் ஸ்டாப் வரை ஒரே குடை என்று முடிவாயிற்று.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"செல்லுக்குச் சோறு போடற வேலை."

"சார்ஜ்தானே போடுவாங்க?"

"ஐயோ, உயிருள்ள செல்லு! எலியோட தோல்ல இருந்து எடுக்கறது. தோல் செல் கடைசிவரைக்கும் தோலாத்தானே இருக்கும்? எங்க அண்ணன் அதைக் கருவோட முதல் நாளுக்கே திருப்பிக் கொண்டுபோயிட்டான்..."

அவன் நடை ஒரு கணம் தடுமாறியது. தேங்கிய தண்ணீரில் கால் வைத்துவிட்டான் என்று நினைத்தாள்.

"அதுல இருந்து முழுக் குட்டியே வரும். குட்டி மட்டுமில்ல, அதுக்குச் சோறு ஊட்டற நஞ்சுக்கொடியும் வரும். கொடி வந்தாத்தான் முழுத்திறன் செல். இல்லேன்னா அரைகுறை... என்ன, பேச்சையே காணோம்?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... பேசுங்க."

குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தான். அவனுடைய இடது தோள் தொப்பலாக நனைந்திருந்தது. பஸ் ஏறிய பிறகும் அந்தத் தோள் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அதே அலுவலகத்தில் விசாரணை. அந்தக் கண்டுபிடிப்பு தங்களுடையது என்று ஒரு கம்பெனி மல்லுக்கு நின்றது. அண்ணன்தான் முதலில் விண்ணப்பித்தவன். ஆனால் தோற்றால், செத்தவன் இல்லாததைச் சொன்னவனாகிவிடுவான். அவனுக்காகச் சாட்சி சொல்ல அவள் ஒருத்திதான் மிச்சம்.

கம்பெனி வக்கீல் எழுந்தார்... அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று குடைக்குள் வந்தவனேதான்!

"உங்க அண்ணன் விண்ணப்பத்துல நஞ்சுக்கொடின்னு ஒரு வார்த்தை இருக்கா?"

பாவி... நான் சொன்னதை வைத்தே என் கழுத்தை அறுக்கிறாயா?

"இல்ல. 'உடம்பின் எல்லாச் செல்களாகவும் மாறும்'னு எழுதினான். கொடியும் அதுல அடக்கம்னு நினைச்சுட்டான். தினமும் கண்ணால பாத்தவன்... தனியா எழுதணும்னு தோணல."

"குட்டியோட உடம்புல கொடி சேருமா?"

பொய் சொல்லலாம். ஆனால் அண்ணனுக்குப் பிடிக்காத ஒன்று அதுதான்.

"சேராது."

சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார்கள். கொடியையும் சேர்த்து முதலில் எழுதியது கம்பெனிதானாம்; எழுதாதது கணக்கில் வராதாம். கண்டுபிடிப்பு கம்பெனிக்குப் போனது. வாசலில் அதே மழை. அவன் குடையில்லாமல் நின்றிருந்தான்.

"குடைக்குள்ள சொன்னதைத் திருடிட்டீங்க இல்ல?"

"இல்லங்க. அந்தக் கேள்வி போன மாசமே ரெடி. வேணும்னா நம்புங்க." தரையைப் பார்த்தபடி சொன்னான். "ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன். எலித்தோல்னு சொன்னதுமே நீங்க யாருன்னு தெரிஞ்சிருச்சு. அப்பவே குடையை விட்டு வெளிய வந்திருக்கணும். வர முடியல... உங்களை விட்டு வர மனசு வரல."

அவள் குடையை விரித்தாள். மஞ்சள் நூலை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"உங்க மேல மட்டும் கோபம்னா பரவாயில்ல..." குரல் உடைந்தது. "அவன் போனதுல இருந்து அழாம நான் தூங்கினதே இல்ல. நேத்து தூங்கிட்டேன். உங்களை நினைச்சுக்கிட்டே... அவனை நினைக்கவே இல்ல. அவனுக்குக் கொடி விட்டுப்போன மாதிரி, எனக்கும் அவன் விட்டுப்போயிட்டான்."

அவன் மழையிலேயே நின்றான். வெகுநேரம் கழித்து அவள் குடையை அவன் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள்.