அவனுக்காகச் சொன்ன ஆஜர்

கொடியில் ஃபாபியானின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. போன மாதம் அது அங்கே இல்லை.

கிரிசெல்டாவுக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான்கு மீட்டர் கறுப்புத் துணியில் மேலே ஹெர்லி என்று பேட்டையின் பெயரையும், கீழே தானோ, செலெஸ்தே, ஃபாபியான், கடைசியில் தன் பெயர் என்று நான்கு பெயர்களையும் எழுதியது அவள்தான். தானோவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வெள்ளை நட்சத்திரம். அவன் செத்து நான்கு வருஷம் ஆகிறது. கிளப் கூடத்து மாடிக் கம்பியில் கொடியைக் கட்டிக்கொண்டே அவள் அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டினாள். காய்ந்து இறுகிப்போன பெயிண்ட். அலமாரியில் மடித்து வைத்திருந்த துணி எப்படி ஈரமாக இருக்கிறது என்பதும் அவளுக்குப் புரியவில்லை.

"இது நீ வெச்சதாடி?" என்று செலெஸ்தேயிடம் கேட்டாள்.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. பிரஷ்ல இருந்து சொட்டியிருக்கும், விடு." கழுத்தை வெட்டிய பாட்டிலில் ஃபெர்னெட் மதுவும் கோலாவும் கலந்து நீட்டினாள் செலெஸ்தே. "எங்க உன் தம்பி? கடைசி ஷோவுக்கும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் வருவானா?"

ஃபாபியான் தாமதமானதற்குக் காரணம் கிரிசெல்டாதான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போ என்று கிளம்பும்போது பிடித்துக்கொண்டாள். அவனும் முணுமுணுத்தபடி மழையில் மோட்டார் சைக்கிளை உதைத்தான். பதினைந்து வருஷமாக 'ஈரச்சுவர்' இசைக்குழுவின் ஒரு நிகழ்ச்சியைக்கூட அவன் விட்டதில்லை. இன்றோடு குழுவைக் கலைக்கிறார்கள். அவன் மட்டும் வராமல் போனால் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவான்.

குளிர்கால ஜூலையின் ஒரு ஞாயிறு, மாலை ஏழு மணி. பேட்டை கிளப்பின் கூடைப்பந்துக் கூடத்தில் நெட்டித் தள்ளிக்கொண்டு அறுநூறு பேர். வாசலில் சோரிசோ இறைச்சி வாட்டும் புகையும், நனைந்த கம்பளி வாடையும், சிந்திய பீரின் புளிப்பும் தகரக் கூரைக்குக் கீழே திரண்டு நின்றன. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் எல்லா விளக்குகளையும் போட்டார்கள். பாடகன் மொட்டை நெல்சன் ஒலிவாங்கியோடு மேடை விளிம்புக்கு வந்தான்.

பெயர் வாசிப்பு. இந்தக் குழுவுக்கென்றே இருக்கும் வழக்கம் இது. சுற்றிலும் கட்டிய கொடிகளைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிப்பான். உயிரோடு இருப்பவன் தன் வாயால் ஆஜர் சொல்லவேண்டும். செத்தவனுக்குக் கூடம் மொத்தமும் சேர்ந்து சொல்லும். வராதவனுக்கு விசில் பறக்கும், அவ்வளவுதான். உயிரோடு இருக்கும் ஒருவனுக்காக இன்னொருவர் ஆஜர் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"ஹெர்லி!" என்றான் மொட்டை. "தானோ!"

"ஆஜர்!" கூரை அதிர்ந்தது. செலெஸ்தே வழக்கம்போல முஷ்டியை உயர்த்தி, கண் கலங்க, தானோ எப்போதும் நின்ற மூலையைப் பார்த்துக் கத்தினாள்.

"செலெஸ்தே!"

"ஆஜர்!"

"ஃபாபியான்!"

கீழே எவனோ சிரித்தான். முதல் விசில் எழுந்தது. என்னால்தானே அவன் வரவில்லை, என்னால்தானே இந்த அவமானம் என்று கிரிசெல்டா நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஆஜர்!"

விசில் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு நேரம் அறுநூறு பேரும் அசையவில்லை. பிறகு கூடம் மொத்தமும் ஒரே குரலில், தானோவுக்குச் சொன்ன அதே குரலில், திருப்பிச் சொன்னது.

"ஆஜர்!"

மொட்டை அவள் பெயரை வாசிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். விளக்குகள் அணைந்தன, டிரம்ஸ் தொடங்கிவிட்டது.

"என்ன காரியம் பண்ணினே நீ?" என்றாள் செலெஸ்தே. பாட்டுச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

மாடிப்படியிலிருந்து குளிர்ந்த காற்று ஏறி வந்தது. அதில் புதிதாக வெட்டிய மண்ணின் வாடை. கிரிசெல்டாவின் இடது பக்கம், கம்பியை ஒட்டி, யாரோ வந்து நின்றார்கள். பச்சைத் தோல் சட்டை. ஃபாபியானின் சட்டை.

"வந்துட்டியா! எப்படா வந்தே? கொஞ்சம் முன்னாடி வரக்கூடாதா?"

அவன் திரும்பவில்லை. மாடியே துள்ளிக்கொண்டிருந்தது, அத்தனை பேரும் தோளோடு தோள் இடித்துக் குதித்தார்கள், பலகை அவள் பாதத்தின் கீழ் வளைந்து நிமிர்ந்தது. அவன் குதிக்கவில்லை. அவன் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரை நனையவில்லை. அவனுக்கு அந்தப் பக்கம் இன்னொருவன், நெட்டையாக. மணிக்கட்டில் கழுத்துத்துணியைச் சுற்றியிருந்தான். தானோ அப்படித்தான் சுற்றுவான்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. திரையில் ஃபாபியான் என்று பெயர்.

"அக்கா, வாசல்ல நிக்கிறேன். டிக்கெட் பாக்கிறவன் உள்ள விடமாட்டேங்கிறான். நீதான் அப்பவே உள்ள போயிட்டியேன்னு சொல்றான். போதையா என்னன்னு தெரியல. கொஞ்சம் கீழ வா."

அவள் இடது பக்கம் பார்க்காமல் பேசினாள்.

"ஃபாபி. உள்ள வராதே. வீட்டுக்குப் போ."

"விளையாடறியா? கடைசி ஷோக்கா! என் பேர் வாசிச்சாச்சா? விசிலடிச்சானுங்களா?"

"இல்லடா. நான் சொல்லிட்டேன்."



"எனக்காகவா?"

"அம்மா மேல சத்தியமா சொல்றேன், போயிடு. ஓடு!"

வண்டி உறுமுவது கேட்டது. கைபேசியை அணைக்காமலே பையில் போட்டுவிட்டான் போலிருக்கிறது. வண்டி நகர்ந்தது. அப்பாடா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கொடியை அவிழ்க்க வேண்டும். அந்தப் பெயரைக் கிழித்துவிட வேண்டும். முடிச்சில் கை வைத்தாள். அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. ஈரம். சில்லிட்ட ஈரம். நகங்களில் மண்.

பாட்டு நின்றது.

"இன்னும் ஒண்ணு! இன்னும் ஒண்ணு!" என்று கூடம் கத்தியது.

விளக்கு வந்தது. மொட்டை மேடை விளிம்பில். அவள் பக்கமாகவே பார்த்தான்.

"ஹெர்லி கொடில ஒரு பேரு பாக்கி இருக்கு."

முந்திக்கொள்ள வேண்டும். தன் வாயால். வேறு யாரும் சொல்வதற்குள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கிரிசெல்டா!"

வாய் திறந்தாள். தொண்டையில் மண். ஒலி இல்லை. மறுபடியும் முயன்றாள். இல்லை.

முதல் விசில் எழுந்தது.

இடது பக்கத்திலிருந்து, தம்பியின் குரலில், அத்தனை பாசமாக, அக்காவுக்கு ஓர் உதவி செய்வதுபோல:

"ஆஜர்."

விசில் நின்றது. ஒரு மூச்சு நேரம். கையிலிருந்த கைபேசியில் வண்டியின் சத்தம் மழைக்குள் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கூடம் எழுந்தது. அறுநூறு வாய்கள்.

வலது பக்கம் திரும்பினாள். செலெஸ்தே ஒரு முழம் தள்ளி நின்றாள். முஷ்டி உயர்ந்திருந்தது. கண்ணீர் வழிந்தது. தானோவின் மூலையைப் பார்ப்பதுபோலவே கிரிசெல்டா நின்ற இடத்தைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஆஜர்!"