இருபத்தாறு அடியில் ஒரு ஓடு

முதல் முறை எண்ணியபோது கல்லுக்குள் இருபத்தொன்பது அறைகள் இருந்தன. வியாழக்கிழமை முப்பது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கணவர் நிஸ்தார் வீடு திரும்புவதற்குள், நஸீபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசி முனையால் ஒவ்வொரு அறையாகத் தொட்டுத் தொட்டு மறுபடியும் எண்ணினாள். முப்பத்தொன்று.

"நீங்க முன்ன கண்ணாடி போடாம எண்ணியிருப்பீங்க," என்றார் அவர், தொப்பியைக் கழற்றியபடி.

"எண்ணத் தெரியாதவளா நான்?"

அவர் சாப்பிட உட்கார்ந்தார். 

நஸீபா ஏறாவூரில் புவியியல் ஆசிரியை. பதினான்கு வருடங்களாக நாட்டிலஸ் ஓடுகளைச் சேர்க்கிறாள். நாட்டிலஸ் ஒரு கடற்பிராணி. சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகக் கட்டிக்கொண்டே போகும்; வளர வளரப் பழைய அறையைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, வாயருகே இருக்கும் கடைசி அறையில் மட்டும் குடியிருக்கும். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கல்லாகிப்போன அத்தகைய ஓடுகள் பதினேழு அவளுடைய கண்ணாடி அலுமாரியில் இருந்தன. எல்லாம் வெளியூர்க் கல். மட்டக்களப்பின் பாறை பூமிக்குள் வெந்து இறுகிய பாறை, அதில் உயிர்ச்சுவடு கிடைக்காது என்று வருடா வருடம் அவளே வகுப்பில் படிப்பித்து வந்தாள்.

ஆனால் இந்தப் பதினெட்டாவது கல் வவுணதீவில் கிடைத்தது. அவளோடு படிப்பிக்கும் சுலோஜனாவின் அண்ணன் இராசதுரை, தன் நெல் வட்டையில் வயலோரமாகக் கிணறு வெட்டியபோது, இருபத்தாறு அடி ஆழத்தில் அலவாங்கின் இரும்பு முனை பட்டு இரண்டாகப் பிளந்து வந்தது. உள்ளே அறைகள் சுருள் சுருளாகத் தெரிந்தன.

கொழும்பில் தொல்லுயிர்ச் சுவடுகளை ஆராயும் பேராசிரியர் ஒருவருக்குப் போனிலேயே மூன்று முறை எழுதினாள். கடைசியாக வந்த பதில் நான்கே வரி. 'மூன்று கடிதம், மூன்று கணக்கு. முதலில் சரியாக எண்ணுங்கள். அந்த மண்ணில் இது இருக்க வழியில்லை. யாரோ கொண்டுவந்து போட்ட கல்லாக இருக்கும்.'

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கல்லுக்கு அடியில் விரித்திருந்த பேப்பர் மறுபடியும் நனைந்திருந்தது. அந்தக் கிழமையில் மூன்றாவது பேப்பர். காய்ந்த ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது.

சனிக்கிழமை காலையில், உளி, சுத்தியல், டோர்ச் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுக்குப் போனாள். கல் அந்த மண்ணுக்குள்ளேயே இருந்தது என்று காட்டினால் போதும்.

இராசதுரையும் சலித்துப்போய்த்தான் இருந்தார். "இருபத்தாறு அடி வெட்டியாச்சு டீச்சர். ஒரு சொட்டுத் தண்ணி காணல்ல. வெட்ட வந்தவனுகளும் மறுகா வரல்ல. அடியில நிண்டா காலுக்குக் கீழ என்னமோ மூச்சு விடுற மாதிரி இரிக்காம்."

"களிமண் இளகியிருக்கும் அண்ணன்."

"வெறுவயித்தோட எறங்காதங்க," என்று அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை பிளேன்டீ கொண்டுவந்தாள். நஸீபா இரண்டு மிடறு குடித்துவிட்டு ஏணியில் கால் வைத்தாள். மணி பதினொன்றரை, நல்ல வெயில்.

இறங்க இறங்க மேலே ஓடிக்கொண்டிருந்த உழவு மெசினின் இரைச்சல் பஞ்சுக்குள் அமுங்கியதுபோல் குறைந்தது. ஈரமண் வாசம் பாதி ஏணி வரைதான் வந்தது, அதற்குக் கீழே மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாமல், கரைவலை இழுத்துப் போட்ட மணலில் வெயில் ஏறும்போது எழும் அந்தக் கவிச்சி வாசம் மூக்கில் ஏறியது. அடித்தளம் வழுவழுப்பாக, வெண்மையாக, கிண்ணத்தின் உட்புறம்போல் குழிந்திருந்தது. பாறை அப்படி இருக்காது. அது ஓர் அறைச்சுவர். அலுமாரியில் நகத்தளவில் இருந்தது இங்கே கிணற்றின் அகலத்துக்கு இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. முதலில் வந்தது கோபம் கலந்த சந்தோஷம். பேராசிரியர் இப்போது என்ன எழுதுவார்?

போனில் படம் எடுத்தாள். வெறும் வெள்ளை. இன்னொன்று. அதுவும் வெள்ளை. ஒரு துண்டாவது பெயர்த்துக்கொண்டு போகலாம் என்று உளியை வைத்து அடித்தாள். உளி வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். கீழே, எங்கோ ஆழத்தில், வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஓசை போய்ப் போய் அடங்கியது.

பக்கச் சுவரில், அவள் தோள் உயரத்தில், தண்ணீர் கசிந்தது.

"அண்ணன், ஊத்து வருது."

"மெய்யாவா டீச்சர்?" மேலே இராசதுரையின் குரல் தழுதழுத்தது. "இஞ்ச வாகா, தண்ணி வருதாம்," என்று மனைவியைக் கூப்பிடுவது கேட்டது.

நஸீபா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. கடல் உப்பு. இளஞ்சூடாகவும் இருந்தது. அந்த மனிதனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தபடியே, எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று பார்க்க டோர்ச்சைக் கிட்டக் கொண்டுபோனாள்.

தண்ணீர் வந்தது ஒரு துளையிலிருந்து. உள்ளங்கை அகலம். விளிம்பு சுத்தமாக, வட்டமாக. உள்ளே கறுப்பு.

வெளிச்சம் பட்டதும் துளை சுருங்கியது.

மண் சரிந்திருக்கும். அப்படித்தான் நினைத்தாள். டோர்ச்சை இடப்பக்கம் நகர்த்தினாள். துளையும் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம். வலப்பக்கம் வந்தது.

நாட்டிலஸின் கண்ணில் வில்லை கிடையாது. இமையும் கிடையாது. வெறும் துளை. கடல்நீர் நிரம்பிய துளை. பதினான்கு வருடமாக அவளுக்குத் தெரிந்த விஷயம்.

ஏணியைப் பிடிக்கப் போன கை சுவரில் பட்டது. களிமண் இல்லை. கை அழுந்தியது. சுவர் பின்வாங்கியது. திரும்பி வந்தது.

"அண்ணன்."



மேலே இராசதுரை ஏதோ கேட்டார். சொல் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வானம் பாதிதான் இருந்தது. ஏணியின் நடுப்படிகளுக்கு மேலாக, தடித்த, சுருக்கம் விழுந்த, தவிட்டு நிறத் தோல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். ஏணி நெரிந்து முறியும் சத்தம்.

டோர்ச்சை அணைத்தாள். மூச்சை அடக்கினாள்.

மீதமிருந்த கீற்று வெளிச்சத்தில் அந்தத் துளை அகலமாக விரிந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், எதிர்ச்சுவரிலிருந்தும் தண்ணீர் வழியத் தொடங்கியது.