ஒற்றைச் சுற்றுச் சோதனை

மகள் பிறந்த மூன்றாம் நாள் காலை, எல்லா அப்பன்மாரையும் போல நானும் ஆஸ்பத்திரிப் பதிவகத்தில் வரிசையில் நின்றேன். கணவன் எண்ணையும் மனைவி எண்ணையும் பெருக்கி வைத்த குடும்ப எண்ணில் பிள்ளையைச் சேர்த்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடுகிற காலம். ஆளுக்கு ஓர் அறுநூறு இலக்கப் பகா எண். அது ஒன்றுதான் சாட்சி. யாரோ என் குரலில் பேசி அம்மாவை ஏமாற்றிய பிறகு, "கொரலை நம்பாதம்மா, கூப்பிடறப்போ வர்ற எண்ணைப் பாரு" என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

பதிவாளர் தங்கமணி திரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, உங்க எண்ணு வகுபடுதுங்க."

"பகா எண்ணு எப்படிங்க வகுபடும்?"

"அது பகா எண்ணே இல்லீங்க. முந்நூறு இலக்கத்துல ரெண்டு பகா எண்ணு. அதுங்களைப் பெருக்குனா நீங்க வர்றீங்க. போன வாரம் புதுக் கணிப்பொறி கண்டுபிடிச்சிருக்குது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளே விளக்கினாள். குழந்தைக்குத் தரும் எண்ணை நாற்பது சுற்று சோதிக்க வேண்டுமாம். ஒவ்வொரு சுற்றும் 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றுதான் சொல்லுமாம். நாற்பது முறை அப்படிச் சொன்னால் நம்பலாமாம். நான் பிறந்த அன்று வார்டில் ஏகக் கூட்டம். ஒரே சுற்றோடு விட்டுவிட்டார்கள். முப்பத்திரண்டு வருடமாக நான் ஒரு 'இருக்கலாம்' மட்டும்தான்.

"அப்போ நான் ஆரு?"

"ரெண்டு பேருங்க." அவள் சிரிக்கவில்லை. "பொறப்பு, பள்ளிக்கூடம், அப்பா அம்மா எல்லாம் முதல் ஆளுக்குப் போயிருச்சு. வேலை, கல்யாணம் ரெண்டாவது ஆளுக்கு. பாப்பாவுக்கு அப்பா ஒருத்தர்தான் இருக்கோணும். இன்னொருத்தரை இறந்ததாப் போட்டாத்தான் திரை நகருமுங்க."

"திருத்தச் சொல்லி மனுக் குடுத்தா?"

"ஆறு மாசமாகும். அதுவரைக்கும் பாப்பா இங்கதான்."

பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி கோகிலா நிமிர்ந்தாள். "நீங்க என்னமோ பண்ணுங்க. பாப்பாவை உட்டுட்டு நான் வரமாட்டனுங்க."

எரிச்சலாக வந்தது. செத்ததாகக் காட்டப் போவது வெறும் ஓர் எண்தானே, எனக்கென்ன, கல்யாணம் இரண்டாவது ஆளிடம்தானே இருக்கிறது என்று திரையில் முதல் ஆளைத் தொட்டு அழித்தேன். மகளின் சீட்டை நீட்டியபடி தங்கமணி சொன்னாள்: "இறந்தவரோட அம்மாவுக்குச் சேதி தானாப் போயிருமுங்க."

மகளை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு உடனே அம்மாவை அழைத்தேன். அவள் அழுதுகொண்டே எடுத்தாள்.

"ஆருங்க பேசறது?"

"அம்மா, நான்தான், சென்னியப்பன். எனக்கு ஒன்னும் ஆகலம்மா."



"கொரலு அவனாட்டமே இருக்குதுங்க. ஆனா எண்ணு வேற. கொரலை நம்பாதன்னு எம் பையன் சொல்லிக் குடுத்திருக்கானுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.