எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மர்

செவ்வாயின் ஏழாம் குமிழியில் கிசுகிசுப்புக்கு மேல் யாரும் குரல் உயர்த்துவதில்லை. சுவர்கள் அப்பளம் மாதிரி மெல்லியவை. பாட்டு, செய்தி, மாமியாரின் ஏச்சு எல்லாம் காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லுக்கு நேரே வந்துவிடும். காற்றில் சத்தம் எழுப்பக் கல்யாண வீட்டாருக்கு மட்டும், அதுவும் ஒரு மணி நேரம், அனுமதி உண்டு.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஆக்சிஜன் குழாய் மேற்பார்வையாளர் இருதயராஜ் மூன்று வருஷம் பாடுபட்டு, பழைய வரைபடத்தைப் பார்த்து, தன் கிட்டாரின் ஒலியைப் பெருக்கத் தானே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்திருந்தார். அவர் கிட்டார் காற்றில் ஒலித்து மகள் ஜெசிந்தா கேட்டதே இல்லை. அவள் கல்யாணத்தன்றாவது கேட்டுவிட வேண்டும். பாவம், கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பெட்டியிலிருந்து புகை வந்தது.

தண்ணீர் பம்பு மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் பரிமளாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போச்சுண்ணே. ஸ்பீக்கரக் கழட்டிட்டு வாசிச்சீங்களா?"

"பயிற்சி எடுக்கணும்ல தங்கச்சி. சத்தம் வெளிய வரக்கூடாதேன்னு சில்லு வழியா கேட்டுக்கிட்டே வாசிச்சேன்."

"அது வால்வோட சக்திய ஸ்பீக்கருக்குத்தான் கொண்டுபோய்க் குடுக்கும். வாங்கிக்க ஆளில்லன்னா உள்ளயே சுட்டுப்புடும்."

சட்டத்துக்குப் பயந்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

பரிமளா கருகிய கம்பியைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணினாள். புதுச் செப்புக் கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றி, இடையிடையே காப்புத்தாள் வைத்தாள். கல்யாணத்தன்று காலையில்தான் வேலை முடிந்தது.

மண்டபத்தில் இருதயராஜ் முதல் தந்தியை மீட்டியதும் தரை அதிர்ந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நானூறு பேரும் இமைகூட அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரமும் அப்படியேதான். முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை.

ஜெசிந்தா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஒரு நொடி விடாம பதிவு பண்ணிட்டேம்பா!"

"கேக்க எப்படிம்மா இருந்துச்சு?"

"பதியும்போது எப்படிப்பா கேக்கும்? சில்லு காத அடைச்சிடும்ல. நேரம் கிடைக்கிறப்ப கேக்குறேன்."

இருதயராஜுக்கு அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணக் கச்சேரிகள் பதினொன்று அவர் சில்லிலும் பத்திரமாக இருந்தன. ஒன்றையும் அவர் இன்னும் கேட்கவில்லை.