முப்பத்து நான்கு கைநாட்டுகள்

1972 பிப்ரவரி 10, வியாழக்கிழமை. காலை மணி 8.40.

காந்தி ரோட்டில் கண்ணாயிரம் பட்டு மாளிகையைத் திறக்க வந்த குமாஸ்தா முருகேசன், கடைப் படியில் ஒரு பெண் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். “எழுந்திரும்மா, கடை தெறக்கணும்” என்று இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை தோளைத் தொட்டான். உடம்பு அப்படியே சரிந்தது.

இறந்தவள் தில்லையம்மாள். ஐம்பத்திரண்டு வயது விதவை. தறி வீடுகளுக்குப் போய்ப் பாவு பிணைப்பது அவள் தொழில். தறியில் நீளவாக்கில் ஏற்றிய ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அவளுடைய கையில் ஓர் அட்டைச் சீட்டு கசங்கிக் கிடந்தது: ‘ஆடியில் பட்டு வாங்குங்கள், தையில் ஐம்பது ரூபாயைத் திரும்பப் பெறுங்கள்.’

9.15க்கு சப்-இன்ஸ்பெக்டர் தணிகாசலம் வந்தார். முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று வாரம் முன்பு இதே பெண் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். மகள் ஏலவார்குழலியின் கல்யாணத்துக்கென்று ஆடியில் அந்தக் கடையில் புடவை வாங்கினாளாம். பிறந்ததிலிருந்து பட்டு நூலைத் தொட்டவள் காசு கொடுத்துப் பட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. தை பிறந்ததும் சீட்டோடு போனாள். கடைக்காரர் நோட்டைப் பிரித்து, “பணம் வாங்கிட்டு இந்தா ரேகை வெச்சிருக்கியே, ரெண்டாம் தபா ஏமாத்த வந்தியா?” என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார்.

அன்று தணிகாசலமும், “கைநாட்டு இருக்குதாமேம்மா, நான் என்ன பண்றது?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாவு பிணைக்கிறவளைத் தறி வீட்டுக்குள் விட்டு, விலை உயர்ந்த பட்டை அவள் கையில் நம்பிக் கொடுக்கிறார்கள். ஏமாற்றுக்காரி என்று பெயர் வந்தபின் எந்த வீடு கதவைத் திறக்கும்? தாய்க்கும் மகளுக்கும் வேலை நின்றது. மாப்பிள்ளை வீட்டாரும், “பங்குனியில பார்க்கலாம்” என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

கடை வாசலில் கூடிய கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. “மண்ணை வாரித் தூத்த வந்திருப்பா.” “விஷம் குடிச்சிட்டா போலக்குது.”

மணி 10.30. ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிள் குப்புசாமி பிணத்தின் விரல் ரேகைகளை எடுத்துத் தணிகாசலத்திடம் நீட்டினார்.

“என்னய்யா இது? சுண்டு விரல், மோதிர விரல் எல்லாம் பளிச்சுனு இருக்குது. ரெண்டு கட்டைவிரலும் வெறும் மையா அப்பிக்கினு இருக்குதே?”

“மூணு வாட்டி எடுத்தேன் சார். அப்படித்தான் வருது.”

“மையை ஒழுங்காத் தடவத் தெரியலேன்னு சொல்லு.” திட்டிவிட்டுத் தாளை ஃபைலில் செருகினார்.

பிற்பகலில் டாக்டரின் முடிவு வந்தது. விஷம் இல்லை. நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இதயம் நின்றுவிட்டது. சட்டப்படி பார்த்தால் கேஸ் அங்கேயே முடிந்தது. தணிகாசலத்துக்குத்தான் முடியவில்லை. மூன்று வாரம் முன்பு செய்திருக்க வேண்டியதை இப்போது செய்யப் போனார்.

மணி 3.10. கடை முதலாளி கண்ணாயிரம் மெத்தையில் உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்.

“நோட்டு எழுதறது யாரு?”

“குமாஸ்தா முருகேசன்தான் சார்.”

“பணம் கொடுக்கறது?”

“நான். ரேகை வாங்கினு என் கையாலதான் கொடுப்பேன்.”

“கையெழுத்துப் போடறவங்க?”

“ஒரே மாதிரி இருக்கட்டும்னு எல்லார்கிட்டயும் ரேகைதான். சூரத்து ஜரிகைக்காரர் இந்த ஐம்பதுல பாதியை நமக்குத் தர்றார். ஆதாரம் காட்டணும் இல்லையா?”

பாக்குவெட்டியைக் கீழே வைத்து நோட்டை நீட்டினார். அவருடைய வலது கட்டைவிரல் சதையில் பழைய வெட்டு ஒன்று குறுக்கே வெள்ளையாக ஓடியது. நோட்டில் முப்பத்து நான்கு பேர். பதினேழாவது தில்லையம்மாள். ரேகை சுழிசுழியாகத் தெளிவாக இருந்தது. நடுவில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. தாள் மடங்கியிருக்கும் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார். ரசீது எழுதிக் கொடுத்து நோட்டை எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 12, சனிக்கிழமை. காலை மணி 11.

தில்லையம்மாளை வேலைக்குக் கூப்பிடாமல் நிறுத்திய வீடுகளில் முதல் வீடு பெரியநாயகியின் வீடு. தணிகாசலம் போனபோது அந்த அம்மாள் தறியின் முன்னால் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு இழை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்களே பிணைக்கறீங்களா?”

“வேற யாரு இருக்காங்கய்யா? ரெண்டு நாளா பண்றேன், கட்டைவிரலு தோலு உரிஞ்சி தீயா எரியுது. அவ முப்பது வருசம் பண்ணா. விரலு கூழாங்கல்லாட்டம் வழவழன்னு இருக்கும். கோடே இருக்காது.” சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கண் கலங்கியது. “பாவி நானு. ஒரு இழை கொறைஞ்சதில்லைய்யா அவ கையில.”

தணிகாசலம் குறுக்கிட்டார். “விரலைப் பத்தி என்னமா சொன்னீங்க?”

“கோடே இருக்காதுன்னேன். நெசவாளர் சொசைட்டியில கைநாட்டு வெச்சாக் கூட வெறும் மைதான் வுழும். பேனாவுல ஒரு கீறல் போடச் சொல்வாங்க.”

அவர் உடனே சைக்கிளை எடுத்தார்.

மாலை மணி 5. கடை நிறையக் கூட்டம். தணிகாசலம் மைப்பெட்டியை மெத்தைமேல் வைத்தார்.

“கண்ணாயிரம், வலது கட்டைவிரலைக் கொடுங்க.”

“எனக்குக் கையெழுத்து வரும் சார்.”

“வரும். அதனாலதான் இத்தனை வருசமா உங்க ரேகையை யாரும் பார்த்ததில்லை.”

முதலாளியின் முகம் வெளிறியது. குப்புசாமி கையைப் பிடித்து உருட்டினார். தாளில் சுழிசுழியான ரேகை விழுந்தது, குறுக்கே வெள்ளைக் கோட்டோடு.

“தில்லையம்மா முப்பது வருசம் பாவு பிணைச்சவங்க. ரெண்டு கட்டைவிரல்லயும் ரேகை தேய்ஞ்சிபோச்சு. மை வெச்சா அப்பிக்கும், அவ்வளவுதான். ஆனா உங்க நோட்டுல அவங்க ரேகை அச்சடிச்ச மாதிரி இருக்குது. அப்போ அது அவங்களது இல்லை. யாருதுன்னு தேடினேன். நடுவுல ஒரு வெட்டு. தாள் மடிப்புன்னு நெனைச்சேன். முப்பத்து நாலு ரேகையிலயும் அதே எடத்துல மடியுமா? வந்தவங்களையெல்லாம் வாங்கிட்டியேன்னு விரட்டியாச்சு. ஐம்பது ரூபாய்க்கு யாரு கோர்ட்டுக்குப் போவாங்க? பேசாம வீட்டுக்குப் போய்ட்டாங்க. நீங்க நோட்டைக் காட்டி ஜரிகைக்காரர்கிட்ட வாங்கிட்டீங்க.”

முருகேசன் தலைகுனிந்து சொன்னான்: “நான் பேர் எழுதறப்போ அந்தக் கட்டமெல்லாம் காலியா இருந்திச்சு சார். கேட்டா வேலை போயிடும்னு பயந்துக்கினு...”

“மொத்தத்தையும் கொடுத்துடறேன் சார்” என்றார் கண்ணாயிரம். “அந்தப் பொண்ணுக்கு நூறாவே தர்றேன்.”

“மோசடிக்கும் பொய் ரேகைக்கும்தான் உங்களை உள்ளே வைக்க முடியும். அந்தம்மா சாவுக்கு எந்தச் செக்‌ஷனும் இல்லை. அதுதான்யா வயித்தெரிச்சல்.”

மறுநாள் காலை மணி 9. ஏலவார்குழலியின் வீட்டு வாசலில் பெரியநாயகியும் இன்னும் நாலு தறிக்காரர்களும் நின்றிருந்தார்கள். வேலைக்குக் கூப்பிட வந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டு ஆளும் வந்து, கல்யாணம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தணிகாசலம் நடந்ததை எல்லாம் சொன்னார். அன்று தான் விசாரிக்காமல் அனுப்பியது தப்பு என்பதையும் சொன்னார். அந்தப் பெண் அழவில்லை.

“அவங்க சண்டை போடப் போனாங்கன்னு ஊரு சொல்லுதுமா. இனிமே எவனும் வாயைத் தெறக்க முடியாது” என்றார்.

“சண்டை போடப் போவலைங்கய்யா.” அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “சாவறதுக்கு மொத நாளு சாயங்காலம் என்னை உக்கார வெச்சிக் கேட்டாங்க. ‘ஏண்டி, நானே வாங்கிக்கினு மறந்துட்டேனா? நோட்டுல இருக்குதுன்றாங்க. போலீசும் அதையே சொல்றாங்க. அத்தினி பேரும் பொய் சொல்வாங்களா?’ன்னு.”

தணிகாசலம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“‘காத்தால போயி மன்னிப்பு கேட்டுக்கினு, சீட்டைக் கொடுத்துட்டு வந்துடறேன். அவரு வாயால நாலு பேருக்குச் சொன்னா உன் கல்யாணம் நிக்காது’ன்னாங்க.”

“நீ என்னமா சொன்னே?”

அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“‘சரி, போய்க் கேட்டுட்டு வாம்மா’ன்னேன். நானும்தான்யா அவங்களை நம்பலை.”