ஒரு விரல் இடைவெளி

அன்று காலை கிழட்டு நீர்க்காகம் கக்கிய உருண்டையில் ஒரு பால்பல் இருந்தது.

மீனின் சதையை நீர்க்காகத்தின் வயிறு கரைத்துக்கொள்ளும். கரையாத முள்ளையும் எலும்பையும் வழவழப்பான சவ்வில் சுருட்டி, விடிந்ததும் கக்கிவிடும். தெப்பத்தின் மூங்கில் இடுக்குகளில் ஒட்டிக்கிடக்கும் அந்த நாற்றம் பிடித்த உருண்டைகளை இருபது வருடமாக ஆற்றில் தள்ளிவந்த, நீர்க்காகங்களை விட்டு மீன் பிடிக்கும் தெங்ஃபா, இன்று குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். பல்லின் ஓரம் உடைந்திருந்தது. கரும்பு கடித்து உடைத்த பல். அவன் மகள் அலிங்கின் பல்.

கரையில் கீரை அலசிக்கொண்டிருந்த மனைவி சுய்லியன் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னய்யா கையில?"

"முள்ளு."

"முள்ளையா இப்படிப் பொத்திப் பிடிப்பாங்க?" அவள் மறுபடி குனிந்துகொண்டாள். "நாளைக்கு ஊரே செத்தவங்க கல்லறையைக் கூட்டிப் பெருக்கிப் படைக்கப் போகுது. நான் எங்க போறது? எம்புள்ளைக்கு ஒரு பிடி மண்ணு காட்டுய்யா, போதும்."

"காட்டுறேன்."

"இன்னிக்காவது இறுக்கிக் கட்டு."

அந்தச் சொல் எங்கே தைக்குமோ அங்கே தைத்தது. தெப்பத்தில் ஏற்றும் பிள்ளைக்கு இடுப்பில் கயிறு கட்டுவது வழக்கம். போன வருடம் அலிங்குக்குக் கட்டியபோது, அவசரத்தில் பழகிய கை பறவைக் கழுத்துக்குப் போடும் முடிச்சைப் போட்டுவிட்டது. அதில் ஒரு விரல் இடைவெளி விடுவார்கள். பெரிய மீன் தொண்டையில் நிற்கும், குஞ்சு மீன் வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போகும். வெள்ளத்தில் தெப்பம் ஆடியபோது, குஞ்சு மீன்போல அவன் மகளும் அந்த இடைவெளியில் வழுக்கிக்கொண்டு போனாள். உடல் கிடைக்கவே இல்லை.

அவள் விழுந்த வளைவுக்குத் தெப்பத்தைத் தள்ளினான். பனிமூட்டம் மலைகளை மூடியிருந்தது. ஈர மூங்கிலும் மீன்குடலும் மணக்க, தண்ணீர் தெப்பத்தின் அடியில் நக்கிக்கொண்டே இருந்தது. கிழட்டுப் பறவையின் கழுத்தில் வைக்கோல் கயிற்றை இடைவெளியே இல்லாமல் கட்டி இறக்கிவிட்டான்.

வெகுநேரம் கழித்துத்தான் அது மேலே வந்தது. தொண்டை புடைத்திருந்தது.

மடியில் வைத்துக் கழுத்தைக் கீழிருந்து மேலாக நீவினான். மீன் என்றால் துள்ளும். இது துள்ளவில்லை. தோலுக்கு அடியில் ஏதோ மெதுவாகத் திரும்பிப் படுத்தது.

பிறகு மூச்சுச் சத்தம். பறவையின் மூச்சு இல்லை.

"அப்பா."

அவன் கை நின்றது.

"அப்பா, இருட்டா இருக்கு."

கயிற்றை அவிழ்த்தால் வயிற்றுக்குப் போய்விடுவாள். வயிறு எல்லாவற்றையும் கரைத்துவிடும். அவிழ்க்கவில்லை. அலகைப் பிரித்து விரலை உள்ளே விட்டான். இரண்டு விரல் போகாத தொண்டை. கை போனது. மணிக்கட்டு. முழங்கை. முதலில் வெதுவெதுப்பு. அப்புறம் ஆற்றுத் தண்ணீரின் குளிர்.

சின்ன விரல்கள் அவன் ஆள்காட்டி விரலைப் பற்றின. கையை முழுதாகப் பிடிக்கவே மாட்டாள். ஒரு விரல்தான்.

இழுத்தான். தொண்டை அவனை இழுத்தது. விழுங்கத் தெரிந்த வழி ஒரே பக்கம்தான். பிடி நழுவப் பார்த்தது. நழுவ விடவில்லை. ஒருமுறை விட்டது போதாதா?

"அழாத கண்ணு. அப்பா வர்றேன்."

அலகு விரிந்தது. இன்னும் விரிந்தது. அவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

கரையிலிருந்து சுய்லியன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தச் சத்தம் வெளியே எங்கேயோ கேட்டது.