பத்தாவது மாற்றம்

கண்ணாடி பாட்டிலின் மேல் ஒரு பெருவிரல் ரேகை. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள், போகவில்லை. அழுத்தித் துடைத்தாள், கண்ணாடிதான் கீச்சிட்டது. சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரேகை உள்பக்கம் இருந்தது. மூன்று வாரமாக யாரும் திறக்காத பாட்டில் அது.

திசு வளர்ப்புக் கூடத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. குழல் விளக்குகளின் ரீங்காரமும், காய்ச்சிய அகார் கூழின் வெதுவெதுப்பான வாடையும், அடுக்கடுக்காக இருநூறு பாட்டில்களும்தான். ஒவ்வொன்றிலும் ஊதா நரம்போடிய ஒரு குட்டிச் செடி. அலங்காரத் தொட்டிகளுக்காக அவள் கணவர் உருவாக்கிய ரகம். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. கூடத்தின் விதி கறாரானது: செடியை நறுக்கிப் புதுப் பாட்டிலுக்கு மாற்றுவது பத்து முறைதான். அதற்குமேல் போனால் குரோமோசோம்கள் தடம் புரளும், இலையும் பூவும் இஷ்டத்துக்கு மாறும். பத்து முடிந்ததும் ஆவிக்கலனில் வேகவைத்துக் கொட்டிவிட வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மற்றவர்களின் பாட்டில்களைச் சோதிப்பவள், இந்தச் செடிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் 'பத்து' என்றே எழுதினாள். இது முப்பத்தொன்று. அவரை இரண்டாம் முறை பறிகொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

போன் அடித்தது. மைக்ரோஸ்கோப் அறையில் வேலை பார்க்கும் பெண்.

"அக்கா, வேர் நுனின்னு சொல்லி நேத்து என்னத்தக் குடுத்தீங்க?"

"ஏன்?"

"இந்த ரகத்துக்கு இருபத்துநாலு குரோமோசோம்தானே? மூணு தடவை எண்ணிட்டேன். நாப்பத்தாறு வருது. அது மனுஷங்க கணக்குல்ல? இது எத்தனாவது மாற்றம்க்கா?"

"பத்து," என்றாள். வாய்க்குப் பழகிப்போன பொய்.

போனை வைத்துவிட்டு ரேகையை மறுபடி பார்த்தாள். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அவர் பெருவிரலில் கத்தி பட்ட இடம். எத்தனையோ நாள் அவள் தடவிக் கொடுத்த தழும்பு.

விளக்கைப் பார்த்து நிமிர வேண்டிய செடிகள் எல்லாம் அவள் பக்கம் சாய்ந்திருந்தன. இடது பக்கம் ஓரடி நகர்ந்தாள். கண்ணாடிகளுக்குள் சரசரப்பு. இலைகள் திரும்பின.

ஆவிக்கலன் கதவு திறந்தே கிடந்தது. பத்தடி தூரம். போகத்தான் வேண்டும்.

ரேகையின் மேல் தன் விரலை வைத்தாள். கண்ணாடி சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

"நீங்களா?"

ரேகைக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் பதிந்தது. இன்னொன்று. ஐந்து.

அவள் பின்வாங்கினாள். அலமாரி முழுவதும், இருநூறு பாட்டில்களிலும், மூடிகள் உள்ளிருந்து மெல்லத் திரும்பத் தொடங்கின.